மாமியாரும் மருமகளும் பறந்த காலை

காத்தாடி நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டதா, இல்லை இன்னும் ஒரு சுற்றுக்கு மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று சண்முகவடிவு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கயத்தாறு பக்கமிருந்து கரிசலை மிதித்துக்கொண்டு வரிசையாக வந்து நிற்கிற அந்தப் பெரிய காற்றாலைகளை இந்தப் பக்கத்துச் சனம் காத்தாடி என்றுதான் சொல்லும். அவற்றின் மூன்று கையும் அசையாமல் நிற்பது இந்தக் கொஞ்ச நேரம்தான், கிழக்கு வெளுத்து சூரியன் இன்னும் தலை காட்டாத நேரம். இதற்காகத்தானே அலாரம் வைத்து எழுந்து, ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றி, "இன்னும் அஞ்சு நிமிசம் வடிவு" என்று போர்வையை இழுத்த குத்தாலிங்கத்தைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கட்டிய புருஷன்தான், சொந்த அத்தை மகனும்தான், ஆனாலும் விடிகாலையில் எழுப்புவதென்றால் தேரை இழுக்கிற மாதிரி. இப்போது பாருங்கள், அறுத்து முடித்த சோளக்காட்டில் ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் ரிமோட்டில் ஓட்டுகிற இரண்டு சின்ன கிளைடரையும் பிள்ளைகளைப் படுக்க வைப்பது போலப் படுக்க வைத்துவிட்டு, ஏதோ தான்தான் முதலில் எழுந்தவர் மாதிரி, "காத்து செத்துட்டு. வா, வா, இனி ஒவ்வொரு நிமிசமும் பொன்னு" என்று அவசரப்படுத்துகிறார். எஞ்சின் கிடையாது, விசிறி கிடையாது, கையால் சுழற்றி வீசினால் மேலே போகும், அங்கிருந்து எவ்வளவு நேரம் இறங்காமல் சமாளிக்கிறது என்பதுதான் போட்டி. போட்டி நாளைக்கு, இதே கரிசலில். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கிளைடர், அது எது என்று இன்றைக்குக் காலையிலேயே போட்டி நடத்துகிற பொன்னையா சாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு மாற்ற முடியாது. பழசா, புதுசா? மாமியாளா, மருமகளா? அந்தப் பெயர் வைத்ததும் குத்தாலிங்கம்தான். புதுசு பெட்டியில் வந்து இறங்கிய அன்றைக்கு, சுவரில் தொங்கிய பழசைப் பார்த்து, "ஏ மாமியா, இந்தா உம் மருமவ வந்துட்டா, இனி உம் பாடு கஷ்டம்" என்றார். அன்றைக்குப் பிடித்த பெயர், இப்போது கிளைடர் கிளப்பில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மாமியாள் வடிவு தன் கையால் செய்தது. எட்டு வருஷம் ஆகிறது. அடுப்படி மேடையில் அச்சை வைத்து, கார்பன் துணியில் பசையைத் தடவி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, செத்துப்போன ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைப் பிடுங்கி அதை வைத்துக் காற்றை உறிஞ்சி, ராத்திரி முழுக்க அது டொர்ரென்று ஓட, மறுநாள் இட்லி அவிக்க இடமில்லாமல் குத்தாலிங்கம் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வேலைக்குப் போனார். றெக்கை கொஞ்சம் தடிமன், உடம்பு கொஞ்சம் கனம், மெதுவாகத்தான் போவாள், ஆனால் வீட்டு முற்றத்து அளவு இடம் கொடுத்தால் போதும், அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்பாள். மருமகள் கப்பலேறி வந்தவள். றெக்கை கத்தி மாதிரி ஒல்லி, தூக்கினால் கையில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், மூக்கை லேசாகத் தாழ்த்தினால் போதும், விர்ரென்று பாய்ந்துவிடுவாள். கிளப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எட்டு வருஷத்தில் உலகம் எங்கேயோ போய்விட்டது, புதுசைக் கொண்டு வாங்க மேடம். குத்தாலிங்கமும், "கண்ண மூடிக்கிட்டு மருமவளக் கொண்டா" என்கிறார். வடிவுக்குக் கண்ணை மூடுவதில்தான் சங்கடம். பாலிடெக்னிக்கில் இருபது வருஷமாக மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் கொடுக்கிறவள், அளந்து பார்க்காமல் ஒரு கோடு போட மாட்டாள். அதனால்தான் இந்த ஏற்பாடு. செத்த காற்றில் இரண்டையும் ஒரே நேரத்தில் வீசுவது, ஒரே பக்கமாக, இடது பக்கமாகவே, சுற்றுவது, எது பிந்தி இறங்குகிறது என்று பார்ப்பது. முதல் சுற்றில் அவள் மருமகளை ஓட்டுவாள், அவர் மாமியாளை. இரண்டாவது சுற்றில் கிளைடரை மாற்றிக்கொள்வார்கள், வீசுகிற கையின் வித்தியாசம், ஓட்டுகிற விரலின் வித்தியாசம் கழிந்து போக வேண்டுமல்லவா. நியாயமான சோதனைதான். சோதனையில் ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டாவது சுற்று ஒன்றைத் தவிர.

இரண்டாவது சுற்று என்றால் மாமியாளை அவள் வீச வேண்டும். நினைத்ததும் வலது தோள் தானாக உள்ளே ஒடுங்கியது. இங்கே யாரும் தொடவில்லை, குளிர்கூட அவ்வளவாக இல்லை, ஆனாலும் அந்தத் தோளுக்கு ஞாபகம் அதிகம். றெக்கை நுனியில் விரல் பிடிக்க ஒரு சின்ன முளை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றி, தட்டு எறிகிற மாதிரி வீசி எறிய வேண்டும், கை தோள் உயரத்தில் நீண்டு கிளைடரின் மொத்த இழுப்பும் அந்த ஒரு மூட்டில் வந்து தொங்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோள் இறுகிப் போயிற்று. விழவில்லை, அடிபடவில்லை, ஒரு நாள் கை பாதி வரைக்கும்தான் எழும்பியது, அடுத்த வாரம் கால்வாசி. தலை சீவ முடியவில்லை. அடி ஆத்தி, அந்த ஒரு வருஷம் குத்தாலிங்கம்தான் தலை பின்னிவிட்டார், கோண வகிடும் ஒரு பக்கம் தூக்கின சடையுமாக அவள் பாலிடெக்னிக்குப் போனாள், போர்டில் நேர்கோடு போடச் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு வகிடு கோணல் என்று பின்பெஞ்சில் சிரிப்பு கேட்டது, அவளும் திரும்பி நின்று சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்ய. அந்த மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்று கால் எடுத்துப் பின்னுகிற அழகுக்கு வகிடு எப்படிப் போனால் என்ன. பிறகு கை மெள்ள மெள்ள இளகிற்று. மருமகள் வந்தாள், லேசானவள், பாதி வேகத்தில் வீசினாலே மேலே போய்விடுகிறாள், மூன்று மாதமாக வடிவு அவளைத்தான் வீசுகிறாள், தோள் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாளை மட்டும் தொடவில்லை. தோள் இறுகத் தொடங்கின நாளில், கடைசியாக அவளை வீசின அன்றைக்குத்தான் தோளுக்குள் எதுவோ கிழிந்த மாதிரி, நனைந்த துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், வெளியே கேட்டதா உள்ளேயே கேட்டதா. தோளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பிள்ளை, "அம்மா, கை நல்லாருக்கு, இனி நீங்க மனசுலதான் தூக்கணும்" என்றாள். மனசில் தூக்குவதாம். மருமகள் மட்டும் இந்த முதல் சுற்றிலேயே நன்றாக, யாரும் வாய் திறக்க முடியாத அளவுக்கு நன்றாக ஜெயித்துவிட்டால், இரண்டாவது சுற்றுக்கு வேலையே இல்லை. அவ்வளவுதான் வேண்டும். ஜெயித்துக் கொடு தாயி, என்று மருமகளின் வயிற்றைத் தடவினாள்.

"ரெடியா?" என்றார் குத்தாலிங்கம். "ரெடிதான் அத்தான்." "மூணு சொல்லுதேன், மூணுக்கு விடணும், ரெண்டரைக்கு விடாத, போன தடவ மாதிரி." "நானா விட்டேன்? நீங்கதான் மூணரைக்கு விட்டீங்க." "சரிட்டி, காத்து வந்துரும், சண்டய அப்புறம் வச்சுக்கிடலாம். ஒண்ணு, ரெண்டு…" இடது கையில் ரிமோட், வலது விரல்களில் முளை, கால் சுழன்றது, சோளத்தட்டை செருப்புக்குக் கீழே நொறுங்கியது, கரிசலின் ஈர வாசனை முகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது, மூன்று. விட்டாள். இரண்டு கிளைடரும் உஸ்ஸென்று ஒரே மூச்சாக மேலே போயின. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த ஒரு நொடிக்கு அவள் வயிற்றில் ஒரு சிரிப்பு கிளம்பும், வாய்க்கு வராது, வயிற்றிலேயே நிற்கும், சின்னப் பிள்ளையில் ராட்டினத்தில் கீழே இறங்கும்போது வருமே அது. மேலே போய், வேகம் தீர்ந்து, மூக்கைத் தாழ்த்தி, இரண்டும் சமமாக நின்றன. ஏறக்குறைய ஒரே உயரம். அவர் கைக்கு பலம், கிளைடருக்குக் கனம், இவள் கைக்குப் பாதி பலம், கிளைடருக்குப் பாதி கனம், கணக்கு நேராகிவிட்டது. இடது பக்கம் லேசாகச் சாய்த்தாள். அவரும் சாய்த்தார். வெளுத்த வானத்தில் ஆரஞ்சு வயிற்றோடு இரண்டு பேரும் ஒரே இடத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். இந்த ஆரஞ்சில்தான் அவர் முதலிலேயே முணுமுணுத்தார். மாமியாளுக்கு றெக்கைக்கு அடியில் ஆரஞ்சு ஒட்டியிருக்கிறாள், நுனியில் கறுப்புப் பட்டை, மருமகளுக்கும் அதே ஆரஞ்சு, அதே கறுப்பு, அச்சு அசலாக. "மாமியாளுக்கும் மருமவளுக்கும் ஒரே சேலை எடுத்துட்டு வந்திருக்கா பாரு" என்றார். மிச்சம் இருந்த ஒட்டுத்தாளை வீணாக்குவானேன், அதுவும் போக இரண்டும் தன் பிள்ளைகள்தானே என்றொரு ஆசை. அழகாகத்தான் இருக்கிறது.

சுற்றுகிறது. இனி ஒன்றும் செய்யக்கூடாது. செத்த காற்றில் ஓட்டுவதன் சூட்சுமமே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான், விரல் ரிமோட்டு ஸ்டிக்கின் மேல் இருக்க வேண்டும், அழுத்தக்கூடாது, ஒவ்வொரு அசைவுக்கும் கிளைடர் கொஞ்சம் உயரத்தைக் கூலியாகக் கேட்கும். இதை குத்தாலிங்கத்துக்கு ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. அந்த மனுஷன் உப்புமா கிண்டுகிற மாதிரி ஸ்டிக்கைக் கிண்டுவார். இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, கிளைடர் பாவம், ஒரு நொடி சும்மா இருக்கவிடாமல். அதனால்தான் போட்டியில் எப்போதும் இவளுக்குக் கீழே நிற்பார், அதைப் பற்றி ஒரு துளி வருத்தமும் இருக்காது, "எம் பொண்டாட்டி கிட்டதான தோத்தேன், ஊரான் கிட்டயா தோத்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைவார். இவரிடம் மாமியாளைக் கொடுத்தது நியாயமா? கிண்டிக் கிண்டியே இறக்கிவிடுவாரே. இறக்கட்டுமே, இறக்கினால் நல்லதுதானே. சீ, என்ன நினைப்பு இது. எட்டு வருஷம் கூட இருந்தவள், மேடையில் இட்லிப் பானையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பிறந்தவள், அவள் தோற்க வேண்டும் என்று நிற்கிறாயே வடிவு, உனக்கே நல்லாருக்கா. தோற்க வேண்டாம், கொஞ்சம் முந்தி இறங்கினால் போதும். அதற்குப் பெயர் என்னவாம். எங்கேயோ ஒரு கவுதாரி கூப்பிட்டது. காற்று வந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம், கன்னத்தில் என்னவோ பட்டது, காத்தாடியைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை, மூன்று கையும் அப்படியே. கண்ணை எடுத்தது ஒரே ஒரு நொடிதான், திரும்ப மேலே பார்த்தாள், இரண்டும் ஒன்றையொன்று கடந்துகொண்டிருந்தன, இடது பக்கம் வந்ததைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள்.

அட, என்ன அழகு. இத்தனை நேரம் சரியாகப் பார்க்கவில்லை போல. இப்போது பார், ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, காற்றின்மேல் வைத்த மாதிரி இருக்கிறாள். இறங்குகிறாளா என்று கேட்டால் இறங்கத்தான் செய்கிறாள், ஆனால் அவசரமே இல்லை, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தாதவள் மாதிரி. சுற்று எவ்வளவு சின்னதாக இருக்கிறது, புதுசுக்குச் சின்னச் சுற்று வராது என்று யார் சொன்னது, ஒல்லி றெக்கை, வேகம் வேண்டும், இறுக்கித் திருப்பினால் கவிழும் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம், எல்லாம் பொய். கொஞ்சம் இறுக்கலாமா என்று நினைத்தாள், விரல் அழுத்தியதோ இல்லையோ, அதற்கு முன்னாலேயே அவள் இறுகினாள். நினைத்தாலே கேட்கிறாள்! இதுதான் புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம் என்று பொன்னையா சார் சொல்வார், இனி மறுக்க முடியாது. வடிவுக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. முடிந்தது, மருமகள்தான். தீர்ப்பு எழுதியாயிற்று. இரண்டாவது சுற்று வேண்டாம், காப்பியைக் குடித்துவிட்டு, பொன்னையா சாருக்குப் போன் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் சுடச்சுடத் தோசை ஊற்றலாம். தோளே, நீ நிம்மதியாக இரு. எல்லாம் நல்லபடியாகத்தானே போகிறது, அப்புறம் எதற்கு இந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு கல்லு கிடக்கிறது, சோற்றில் கல் மாதிரி, மெல்ல மெல்ல நறநறக்கிறது. மாமியாளைத் திரும்பச் சுவரில் தொங்கவிட வேண்டும். அவள் தோற்றதனாலா தொங்குகிறாள், இல்லை. இவள் பயந்ததனால் தொங்குகிறாள். சவத்தை விடு, அளந்து பார்த்தாயிற்று, கண் முன்னால் பறக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும். பயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இல்லை, சம்பந்தம் இல்லை. ஒரு தடவை சொன்னால் போதாதா, எதற்கு மூன்று தடவை.

சரி, கொஞ்சம் தள்ளிக் கூட்டி வருவோம், வீட்டுக்காரர் தலைக்கு மேலேயே சுற்றுகிறது என்று வலது பக்கம் திருப்பினாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். இடது பக்கமே, அதே அழகோடு, அதே நிதானத்தோடு, அவளைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முழுசாகத் தள்ளினாள், ஸ்டிக் அதன் எல்லையில் போய் முட்டிற்று, கிளைடர் அசையவில்லை. பேட்டரி போச்சா, சிக்னல் போச்சா, ரிமோட்டில் விளக்கு பச்சையாகத்தானே எரிகிறது, பச்சை எரிந்தும் கேட்காமல் போனால், மேலே போனது இனி நம்முடையது இல்லை, எங்கே விழுமோ, ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளேயா, யார் தலையிலேயா, "அத்தான்! எனக்குக் கன்ட்ரோல் இல்ல! கேக்க மாட்டுக்கு!" என்று கத்திவிட்டாள். குத்தாலிங்கம் மேலே இருந்து கண்ணை எடுக்காமல், "எது கேக்கல?" என்றார். "மருமவ! இந்தா நம்ம தலைக்கு மேல சுத்துதால்லா, இவ!" குத்தாலிங்கம் தன் ரிமோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஏட்டி வடிவு" என்றார், பேயைப் பார்த்தவர் மாதிரி மெதுவாக, "இது மாமியால்லா. நான்லா ஓட்டுதேன்." அவர் வலது பக்கம் திருப்பிக் காட்டினார். தலைக்கு மேலே இருந்தது, சொன்ன பேச்சுக்கு, வலது பக்கம் திரும்பியது.

அடப் பாவி. அடி பாவி. யாரைத் திட்டுவது. அப்படியானால் மருமகள் எங்கே, இத்தனை நேரம் விரல் அழுத்தியதெல்லாம் யாருக்குப் போயிற்று, கடைசியில் முழுசாக வலது பக்கம் தள்ளினோமே ஐயோ, வானம் இவ்வளவு பெரிசாக இருப்பது ஒருநாளும் அவளுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை, இப்போது கண்ணுக்கு அது முடியவே மாட்டேன் என்றது. மேற்கே ஒன்றுமில்லை. ரோட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. காத்தாடிப் பக்கம் இரண்டு புள்ளி, முள் அடர்ந்த உடைமரத்துக்கு மேலே, தாழ. "ரெண்டு தெரியுது அத்தான், எது எதுன்னு தெரியலயே." "ஆட்டு! ஸ்டிக்க ஆட்டு, எது ஆடுதோ அதுதான்." ஆட்டினாள், இடது, வலது, இடது. ஒரு புள்ளி தன்பாட்டுக்குப் போயிற்று, அது பருந்து. மற்றது தலையை ஆட்டியது. "ஆடுது! அத்தான், ஆடுது, ஆடுது!" "கூட்டிட்டு வா, பதறாத, மெள்ளக் கூட்டிட்டு வா." அவ்வளவு தூரம், அவ்வளவு தாழ, மாமியாளாக இருந்தால் அங்கேயே உடைமுள்ளில் உட்கார்ந்திருப்பாள், சத்தியமாக வந்து சேரமாட்டாள். வடிவு மூக்கை லேசாகத் தாழ்த்தினாள், விரலை எடுத்தாள், மருமகள் தன் கத்தி றெக்கையை வைத்துக்கொண்டு நேராக வந்தாள், உயரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்துக்கொண்டு, கருவேலத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, பெரிசாகிப் பெரிசாகி, கடைசியில் சோளத்தட்டையை உரசிக்கொண்டு வந்து அவள் செருப்புக்கு முன்னால் படுத்தாள். வடிவு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் குத்தாலிங்கம் மாமியாளை அலுங்காமல் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் கரிசல் மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"எவ்ள நேரமா என் கிளைடரப் பாத்துக்கிட்டு நின்ன?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காத்தாடியத் திரும்பிப் பாத்தேன்லா, அப்பதான் மாறியிருக்கும். ஒரே சேலை எடுத்த புத்திய செருப்பால அடிக்கணும்." காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். பாலிடெக்னிக்கில் விடைத்தாள் திருத்த வரும்போது பெயரை மறைத்து டம்மி நம்பர் போட்டுக் கொடுப்பார்கள், யார் தாள் என்று தெரியாது, கண்ணுக்குப் பட்டதற்கு மார்க். இன்றைக்கு அப்படியொரு தாளைத் திருத்தியிருக்கிறாள். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, நினைத்தாலே கேட்கிறாள் என்று கை வலிக்க மார்க் போட்டிருக்கிறாள், பிரித்துப் பார்த்தால் உள்ளே மாமியாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் இவளே செய்தவள். சந்தோஷமாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா, இரண்டும் ஒரே டம்ளரில் கலந்து இருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறதே. "அத்தான், மருமவன்னு நெனச்சு இவளத்தான் மெச்சிக்கிட்டு நின்னேன், நீங்க கிண்டவே இல்லயே. உப்புமா கிண்டுவீங்கல்லா, இன்னிக்கு ஸ்டிக்க அசைக்கவே இல்ல. எப்படி?" குத்தாலிங்கம் டம்ளருக்குள்ளே பார்த்தார். "எங் கிளைடர்னா கிண்டுவேன். இது நீ செஞ்சதுல்லா. எங்கயாவது தட்டி ஒடச்சுட்டா ஒம் மூஞ்சில எப்படி முழிக்க. மூச்சுகூட விடாமத்தான் நின்னேன்." சொல்லிவிட்டு உடனே, அப்படிச் சொன்னதற்கே வெட்கப்பட்டவர் மாதிரி, "அப்ப இவ்ள நேரமும் நீ மெச்சுனது என்னயத்தான், ஒத்துக்கோட்டி" என்று தோளை இடித்தார். இடது தோளைத்தான். வலது தோளை இரண்டு வருஷமாக அவர் தப்பித் தவறிக்கூட இடித்ததில்லை என்பது வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, இப்ப யாரு ஜெயிச்சா?" என்றார். யாரும் இல்லை, முதல் சுற்று செல்லாது. மருமகள் தூரத்துக்குக் கெட்டிக்காரி, அதை உடைமரத்திலிருந்து வந்து நிரூபித்துவிட்டாள். மாமியாள் நிதானத்துக்குக் கெட்டிக்காரி, அதை இவளே வாய் பிளந்து பார்த்திருக்கிறாள். நாளைப் போட்டியும் இதே விடிகாலை நேரத்தில், இதே செத்த காற்றில், தூரம் போகிற வேலை இல்லை, மேலேயே நிற்கிற வேலைதான். அளந்து பார்க்கிற டிராயிங் டீச்சருக்கு இதற்குமேல் கணக்கு வேண்டியதில்லை, கணக்கு எல்லாம் மாமியாள் பக்கமாகத்தான் வருகிறது, மிச்சம் இருப்பது ஒரு கை, ஒரு தோள், ஒரு வீச்சு. "ஒன்னால முடியலன்னா மருமவளக் கொண்டுபோ வடிவு" என்றார் குத்தாலிங்கம், இந்தத் தடவை கேலி இல்லாமல், "யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல." யாரும் சொல்லமாட்டார்கள். இவளும் சொல்லமாட்டாள். சுவரில் தொங்குகிறவள் மட்டும் காலையில் எழுந்ததும் பார்ப்பாள். வடிவு எழுந்தாள், சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டவில்லை, தட்டினால் அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிடலாம் என்று தோன்றியதால் தட்டவில்லை. "குடுங்க" என்றாள். "எத?" "மாமியாளத்தான்." அவர் கொடுத்தார். மருமகளுக்குப் பழகிய கைக்கு அது கனத்தது, நல்ல கனம், தெரிந்த கனம், முளையில் விரல் போய் உட்கார்ந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் விரலுக்கு அளந்து தானே வைத்த முளை. காத்தாடியில் ஒன்று மட்டும் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. இப்போது இல்லை என்றால் நாளைக்கும் இல்லை. கிழிந்த சத்தம் காதுக்குள் வந்தது, வரட்டும், வந்துவிட்டுப் போகட்டும். பாதி வேகத்தில் வீசலாமா, வேண்டாம், பாதியில் வீசினால் பாதிப் பயம் கையிலேயே தங்கிவிடும். அவர் மூணு சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. கால் சுழன்றது, வானமும் காடும் ஒரு சுற்று ஓடின, கை முழுசாக நீண்டது, தோள் உள்ளே ஒரு கத்தியைக் காட்டியது, காட்டிய அந்த இடத்தைத் தாண்டி இழுத்து வீசினாள். விட்டாள்.

மாமியாள் போனாள். உஸ்ஸென்று, வானத்தைக் கீறிக்கொண்டு, சூரியனின் முதல் வெளிச்சம் தொட்ட உயரத்துக்கு, அங்கே ஆரஞ்சு வயிறு பளீரென்று தீப்பிடித்தது. வடிவுக்கு வயிற்றில் நிற்கிற சிரிப்பு இன்றைக்கு வாய்க்கே வந்துவிட்டது, கத்தினாளா சிரித்தாளா, குத்தாலிங்கம் பதறிப்போய் அவளுடைய முகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்க்கவேயில்லை. "வடிவு, வலிக்கா?" என்றார்.

"வலிக்கத்தான் செய்யுது. பேசாம மேல பாருங்க அத்தான், இன்னும் ஏறுது."